இடவப்பாதிக்கு ஒரு சைக்கிள்

மலையாளத்தில் மழைக்காலத்துக்கு இரண்டு தனிப்பெயர்கள் உண்டு. இடவ மாதத்தின் நடுவில், தமிழ்க் கணக்கில் வைகாசியின் பிற்பகுதியில், தொடங்குவது இடவப்பாதி. துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், வருவது துலாவர்ஷம். வானிலைத் துறை முன்னதைத் தென்மேற்குப் பருவமழை என்றும் பின்னதை வடகிழக்குப் பருவமழை என்றும் எழுதும். கேரளத்தில் முதற்பருவம் தொடங்கும் இயல்பான நாளாக அத்துறை ஜூன் 1-ஐக் கொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக்கடலுக்கும் இடையில், தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிக் கிடக்கும் திருவனந்தபுரம் இரண்டு மழைகளையும் பெறுகிறது. நாட்காட்டியில் பார்த்தால், ஜூனில் தொடங்கும் நனைதல் டிசம்பர் வரை நீளும்.

சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இது ஒரு நடைமுறைச் சிக்கல். வெளியே போக இயலாத மாதங்களில் வீட்டுக்குள்ளேயே மிதிக்க உதவும் கருவிகள் பல சந்தையில் உள்ளன. அவற்றைப் பற்றிய வழிகாட்டிகளும் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அவற்றில் ‘மோசமான வானிலை’ என்றால் பனி, உறைந்த சாலை, மாலை நான்கு மணிக்கே கவியும் இருட்டு. அந்த வழிகாட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் கருவி தேடுபவர், தம்முடையதல்லாத ஒரு வானிலைக்குப் பொருள் வாங்கும் நிலைக்கு ஆளாகிறார்.

ஸ்ரீகாரியத்தில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் தேடல் இதைத் தெளிவாகக் காட்டும். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம், வயது நாற்பத்தாறு. அவருக்குச் சைக்கிள் பொழுதுபோக்கு அன்று. இரண்டாம் வகை நீரிழிவு உறுதியான பிறகு, மருந்தோடு சேர்த்து மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சை அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, கேரளத்தில் வயதுவந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. அந்த நால்வரில் ஒருவர் அவர்.

மருத்துவர் சொன்னவற்றுள் ஒன்று அவர் மனத்தில் தைத்து நின்றது. உடற்பயிற்சியால் இன்சுலினுக்கு உடல் காட்டும் இணக்கம் கூடுகிறது. ஆனால் அந்தப் பயன் சேமிப்புக் கணக்கில் போட்ட பணம்போல் இருந்துகொண்டிருப்பதில்லை. ஓரிரு நாட்களில் தேய்ந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியைச் சொல்வதோடு நிற்காமல், தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடலாகாது என்றும் வற்புறுத்துகிறது. இடவப்பாதிக்கு இந்த இரண்டு நாள் கணக்கெல்லாம் தெரியாது. அவர் சைக்கிள் வாங்கிய முதல் ஆண்டில், ஜூன் மாதத்தில் ஒரே தவணையாகப் பன்னிரண்டு நாட்கள் சைக்கிள் சுவரில் சாய்ந்தே நின்றது. காலை வெறும்வயிற்றுச் சர்க்கரையின் எண் அந்தப் பன்னிரண்டு நாட்களில் படிப்படியாக ஏறியதை அவரே வீட்டுக் கருவியில் பார்த்துக் குறித்து வைத்தார்.

மழையிலேயே மிதிக்கலாமே என்று கேட்கலாம். அவருடைய வழக்கமான பாதை ஆக்குளம், வேளி வழியாகச் சங்குமுகம் கடற்கரை வரை சென்று திரும்புவது. போகவர ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். மழையில் அந்தப் பாதை வேறொன்றாகிவிடும். தேங்கிய நீருக்கடியில் குழி எது, வடிகால் மூடியின் இடைவெளி எது என்று தெரியாது. சில நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை, சாலையில் படிந்த எண்ணெயை மேலே கொண்டுவந்து வழுக்கலாக்கும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை பிரேக், ஈரத்தில் உடனே பிடிக்காது. முதல் சில சுற்றுகள் நீரை வழித்தெறியவே செலவாகும். விடியற்காலையின் மங்கல் ஒளியில், மழைத்துளி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பேருந்து ஓட்டுநருக்கு ஒரு சைக்கிள் எளிதில் தென்படாது. சங்குமுகத்தில் கடல் சாலையையே அரித்துச் சென்ற ஆண்டுகளும் உண்டு. ஊரிலிருந்து நாள்தோறும் தொலைபேசியில் பேசும் அவருடைய அம்மாவுக்கு இந்த விவரம் எதுவும் தேவைப்படவில்லை. “மழ விட்ட பொறவு போலாம் மக்களே, சைக்கிள் எங்கயும் ஓடிப் போவாது” என்பதோடு முடித்துக்கொள்வார்.

அம்மாவின் சொல்லுக்குப் பின்னால் ஒரு பழைய மரபும் இருக்கிறது. கேரளத்தில் கர்க்கடக மாதம், அதாவது ஆடி, வறுமையின் மாதமாகவும் ஓய்வின் மாதமாகவும் கருதப்பட்டது. மருந்துக்கஞ்சி குடித்து, எண்ணெய் தேய்த்து, உடலைத் தேற்றிக்கொள்ளும் காலம் அது. ஆண்டின் மற்ற மாதங்களில் வயலிலும் தோப்பிலும் உழைத்த உடலுக்கு அந்த ஓய்வு நியாயமானது. ஆண்டு முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் உடலுக்கு மழை தருவது ஓய்வன்று. ஏற்கெனவே இருக்கும் ஓய்வின் மேல் இன்னொரு ஓய்வு.

விளையாட்டு வீரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஸ்ரீகாரியத்துக்கு அருகிலேயே கார்யவட்டத்தில், 1985-இல் தொடங்கப்பட்ட லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியின் வளாகத்தில், சரிந்த வளைவுகள் கொண்ட சைக்கிள் பந்தயத் தளம் ஒன்று இருக்கிறது. 2015 தேசிய விளையாட்டுகளின் தளப் பந்தயங்கள் அங்குதான் நடந்தன. அது கூரையற்ற திறந்தவெளித் தளம். டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்ட தளமோ கூரைக்குள் மரப்பலகையால் அமைந்தது. சரிவான தளத்தில் மழை விழுந்தால் பயிற்சி நின்றுவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பயிற்சியாளர் வகுத்த அட்டவணை உள்ள வீரருக்கே மழை இடைவெளி விடுகிறது என்றால், தனியே மிதிக்கும் ஓர் ஆசிரியர் தமக்கென ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டேயாக வேண்டும்.

அவர் முன் நான்கு வகைக் கருவிகள் இருந்தன.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த உடற்பயிற்சி சைக்கிள். தனியான கருவி, வெளியே ஓட்டும் சைக்கிளைத் தொட வேண்டியதில்லை. இருக்கையின் உயரத்தை மாற்றினால் வீட்டில் உள்ள அனைவரும் பயன்படுத்தலாம். அதன் குறை, ஓர் அறையின் மூலையை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்வது. கேரளத்து மழைக்காலத்தில் அதற்கு இன்னொரு விதியும் காத்திருக்கிறது. துணி காயாத அந்த மாதங்களில் அதன் கைப்பிடியும் இருக்கையும் மெல்ல மெல்லத் துணிக்கொடியாக மாறிவிடும்.

இரண்டாவது, ரோலர். மூன்று உருளைகள் பொருத்திய ஒரு சட்டம். அதன்மேல் சைக்கிளை எதனோடும் பிணைக்காமல் வைத்து மிதிக்க வேண்டும். சமநிலையை மிதிப்பவரே காக்க வேண்டும் என்பதால் கால்சுற்று சீராகும். பந்தய வீரர்கள் போட்டிக்கு முன் உடலைச் சூடேற்ற இதைத்தான் பயன்படுத்துவார்கள். ஆனால் கவனம் சற்றுப் பிசகினால் சைக்கிள் உருளையை விட்டு வழுவும். நாற்பத்தாறு வயதில், பளிங்குத்தரை வீட்டில், அது தேவையற்ற துணிச்சல்.

மூன்றாவது, பின்சக்கரத்தை ஒரு தாங்கியில் பிணைத்து, டயரை ஒரு சிறு உருளையின்மேல் அழுத்தி ஓடவிடும் டிரெய்னர். அந்த உருளைக்குத் தடை தருவது காற்றாடியாகவோ காந்தமாகவோ எண்ணெய் போன்ற ஒரு திரவமாகவோ இருக்கும். சாலையில் நிகழ்வதை நினைவில் கொண்டால் இவற்றின் வேறுபாடு புரியும். சமதளத்தில் சைக்கிளுக்கு முதன்மையான எதிரி காற்று. அதை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகம் இருமடங்கானால் தேவை எட்டு மடங்கு. காற்றாடி வகை இதை அப்படியே பின்பற்றும், ஆனால் பேரிரைச்சல் எழுப்பும். காந்த வகையில் தடை ஏறக்குறைய நேர்கோட்டில் உயரும், கடினத்தைக் கூட்டக் கைப்பிடியில் ஒரு விசை இருக்கும், விலையும் குறைவு. திரவ வகையில் வேகத்தோடு தடை தானாகவே செங்குத்தாக ஏறும், சத்தம் மட்டு. திரவம் சூடாகும்போது முதல் பத்து நிமிடங்களில் தடை சற்றுத் தளரும் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரடியாகக் கருவியில் மாட்டும் ‘ஸ்மார்ட்’ டிரெய்னர். மிதிக்கும் ஆற்றலை வாட் கணக்கில் காட்டும். ஸ்விஃப்ட் போன்ற செயலிகளோடு இணைந்து, திரையில் மலை வந்தால் காலுக்கும் மலையைக் கொடுக்கும். டயர் தேயாது, சத்தம் மிகக் குறைவு. விலை பெரும்பாலும் அரை லட்சத்தைத் தாண்டும். மின்சாரம், இணையம், மாதச் சந்தா ஆகியவை அதற்கு மேல்.

வழிகாட்டிகள் பலவும் இந்த நான்காவதையே உச்சத்தில் வைத்து முடித்துவிடும். அவரும் ஏறத்தாழ அந்த முடிவுக்கு வந்திருந்தார். அதை மாற்றியது ஓர் எளிய வெப்பக் கணக்கு.

மனிதத் தசை உண்ட ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதத்தை மட்டுமே பெடலுக்குத் தருகிறது, மிச்சம் வெப்பம். ஒருவர் மிதமாக 100 வாட் ஆற்றலோடு மிதித்தால் அவருடைய உடல் 300 முதல் 400 வாட் வரை வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு, அந்த வேகமே வினாடிக்கு ஐந்தரை மீட்டர் காற்றை உருவாக்கித் தருகிறது. அறைக்குள் அந்தக் காற்று பூஜ்யம். வியர்வைதான் ஒரே வழி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். 350 வாட் வெப்பத்தை ஒரு மணி நேரம் முழுமையாக வெளியேற்ற அரை லிட்டருக்கும் சற்று மேலான வியர்வை ஆவியாக வேண்டும். ‘ஆவியாக’ என்பதே இங்குள்ள நிபந்தனை. சொட்டித் தரையில் விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. திருவனந்தபுரத்தின் ஜூன், ஜூலைக் காலைகளில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கும். ஏற்கெனவே நீர் நிறைந்த காற்று இன்னும் நீரை ஏற்கத் தயங்கும். சன்னலை மூடிய அறையில் மிதித்தால் வியர்வை வழியுமே தவிர உலராது, நாடித்துடிப்பு ஏறும், இருபதாம் நிமிடத்தில் மனிதர் இறங்கிவிடுவார்.

பனிநாட்டில் குளிர்ந்த அறையில், சூடேற்றியால் உலர்ந்த காற்றில் மிதிக்கிறவருக்கு மின்விசிறி ஒரு துணைப்பொருள். இங்கே அதுவே முதற்கருவி. தலைக்கு மேலே சுழலும் கூரை விசிறி போதாது. மார்புக்கு நேராக வீசும் பெடஸ்டல் ஃபேன் வேண்டும். ஈரக்காற்றே ஆனாலும், தோலை ஒட்டி நிற்கும் காற்றுப்படலத்தை அது ஓயாமல் விலக்கிக்கொண்டிருந்தால் ஆவியாதல் கூடும்.

அதைவிட முக்கியமானது, அறையே வேண்டாம் என்று அவர் கண்டுகொண்டது. கேரளத்து வீடுகளின் முகப்பில் ‘சிட் அவுட்’ என்று எல்லோரும் அழைக்கும் திறந்த திண்ணை இருக்கிறது. மேலே கூரை உண்டு. இரண்டு அல்லது மூன்று பக்கம் திறப்பு. சாரல் எட்டாத உள்மூலை ஒன்று எப்படியும் கிடைக்கும். மழையையும் புழுக்கத்தையும் சேர்த்து எண்ணிக் கட்டிய இடம் அது. உடல் வெப்பத்தை வெளியேற்ற அதைவிடச் சிறந்த அறையை எந்த நிறுவனமும் விற்கவில்லை.

இடம் முடிவானதும் கருவியும் மாறியது. திறந்த திண்ணையில் ஐம்பதாயிரம் ரூபாய் மின்கருவியை ஈரக்காற்றில் நிறுத்தி வைக்க முடியாது. தினமும் தூக்கி உள்ளே வைக்க அதன் எடையும் இடம் தராது. மடக்கி ஒரு கையால் எடுத்துவைக்கும், மின்சாரமே வேண்டாத திரவ டிரெய்னர் அங்கே பொருந்தியது. ஆற்றலை அளக்கும் எண் அதில் இல்லை. அவருக்குத் தேவையான அளவுகோலோ எளிமையானது: மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மருத்துவர்கள் மிதமான பயிற்சிக்குச் சொல்லும் சோதனை அதுதான்.

இந்த இடத்தில்தான் மலையாளத்தின் இரண்டு பெயர்கள் மீண்டும் வந்து உதவின. ஓராண்டு முழுதும் அவர் ஒரு நோட்டில், காலை ஐந்தரை முதல் ஆறரை வரை மழை பெய்ததா இல்லையா என்று மட்டும் குறித்து வந்தார். ஜூன், ஜூலைப் பக்கங்களில் ‘மழை’ என்ற சொல் வரிசையாக இறங்கியது. அக்டோபர், நவம்பர்ப் பக்கங்களில் அது அங்கங்கேதான் இருந்தது. காரணம் எல்லோரும் அறிந்ததே. இடவப்பாதி கடலிலிருந்து வந்து நேரம் பாராமல் பெய்யும். துலாவர்ஷம் பெரும்பாலும் காலை வெயிலில் திரண்டு, பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்க்கும். கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இடிமின்னல் எச்சரிக்கையில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரையுள்ள நேரத்தைத் தனித்துக் குறிப்பிடுவது இதனால்தான். அந்த நேரத்தில் மின்கருவிகளின் இணைப்பைத் துண்டிக்கவும் அது அறிவுறுத்துகிறது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2023 அக்டோபர் 14 இரவு தொடங்கி மறுநாள் காலை வரை பெய்த மழையில் ஆக்குளமும் டெக்னோபார்க் சுற்றுப்புறங்களும் வெள்ளத்தில் மூழ்கின. அதே மாதத்தின் கடைசி வாரத்தில், அதே மாவட்டத்தின் பொன்முடியில், ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகள் நடந்தன. துலாவர்ஷத்தின் இயல்பு அப்படி: கெடுக்கும் நாளில் முற்றாகக் கெடுக்கும், மற்ற நாட்களில் காலையை விட்டுவைக்கும்.

ஆக, ‘ஆறு மாதம் மழை’ என்று ஒற்றைச் சொல்லில் எண்ணியபோது அவருக்கு ஆறு மாதங்களுக்கான விலையுயர்ந்த கருவி தேவைபோல் தோன்றியது. இடவப்பாதி, துலாவர்ஷம் என்று பிரித்துப் பார்த்தபோது, உண்மையில் அவர் வீட்டுக்குள் மிதிக்க வேண்டியது இரண்டு, மூன்று மாதங்களின் காலைகளில் மட்டும் என்று தெரிந்தது. ஊர்மக்கள் தலைமுறைகளாகக் கவனித்துப் பெயரிட்டு வைத்த வேறுபாடு அது. சந்தையின் மொழியில் அதற்குச் சொல் இல்லை. ‘வெளியே போக இயலாத காலம்’ என்ற ஒரே பெட்டியில் பனியும் இடவப்பாதியும் துலாவர்ஷமும் ஒன்றாகக் கிடக்கின்றன.

இறுதியில் அவர் சேர்த்தவை: ஒருவர் பயன்படுத்திக் கைமாற்றிய திரவ டிரெய்னர், புதிய பெடஸ்டல் ஃபேன், தரையதிர்வைக் குறைக்க ஒரு ரப்பர் விரிப்பு, கைப்பிடியின் மேல் போட ஒரு பழைய துண்டு. துண்டு அற்பமானதன்று. உப்பு வியர்வை கைப்பிடித் தண்டின் திருகுகளில் இறங்கினால், கடலோர ஊரின் ஈரக்காற்றோடு சேர்ந்து ஒரே பருவத்தில் துருவேற்றிவிடும். டயர் உருளையில் சூடாகித் தேயும் என்பதால் பழைய டயர் ஒன்றைப் பின்சக்கரத்துக்கு ஒதுக்கினார். அவருடைய சைக்கிளின் பின் அச்சு விரைவில் கழற்றும் பழைய வகை. டிஸ்க் பிரேக்கோடு வரும் புதிய சைக்கிள்கள் பலவற்றின் துரூ ஆக்சில் இத்தகைய தாங்கிகளில் தனி இணைப்பின்றி உட்காராது. வாங்குபவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. பக்கத்திலேயே தண்ணீரும் ஓர் இனிப்புப் பொட்டலமும் இருக்கும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவு சட்டென்று இறங்கக்கூடும் என்பதால், அந்தப் பொட்டலம் குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் கருவித் தேர்வின் ஒரு பகுதியே.

அடுத்த இடவப்பாதியில் அவர் ஒரு நாளைக்கு முப்பது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று மிதித்தார். எங்கும் போய்ச்சேராத பயணம் சலிப்பானது என்பதை அவர் மறுப்பதில்லை. திரையில் மலை இல்லை; எதிரே தென்னையும் மழையும் மட்டும். ஆகஸ்ட் மாதப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையின் எண், மே மாதத்தில் இருந்த இடத்திலேயே நின்றது. அது குறையவில்லையே என்று உறவினர் சிலர் வருந்தினர். முந்தைய ஆண்டு மழைக்குப் பின் அந்த எண் ஏறியிருந்ததை அறிந்த மருத்துவர் மட்டும், அதே இடத்தில் நின்றதைப் பார்த்து, மருந்தின் அளவைக் கூட்டாமல் சீட்டை எழுதிக் கொடுத்தார்.